இட்டுக்கட்டிச் சொல்லுங்கள்!

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றால் பெற்றோரிடம் நாம் தவறாமல் சொல்லும் வரி ஒன்று உண்டு: “வீட்டில் பிள்ளையைப் படிக்க வையுங்கள்.” எழுதப் படிக்கத் தெரியாத தாய் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார். போய் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் நாம் சொல்வதில்லை. சில ஆண்டுகளாக நான் அந்த வரியோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: “ராத்திரி படுக்கும்போது பத்து நிமிஷம் ஒரு கதை சொல்லுங்கம்மா. தெரிஞ்ச கதை தீர்ந்துபோனா இட்டுக்கட்டிச் சொல்லுங்க.”

உடனே வரும் பதில், “எனக்குக் கதையெல்லாம் கட்டத் தெரியாது சார்.” பட்டம் பெற்ற பெற்றோரும் இதைத்தான் சொல்கிறார்கள். வகுப்பில் நாற்பது பேரைக் கட்டிப்போடும் ஆசிரியர்கள்கூடத் தங்கள் வீட்டுப் பிள்ளை கதை கேட்டால் கைப்பேசியை எடுத்துக் கொடுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கதை கட்டுவதற்குத் தனித்திறமை எதுவும் தேவையில்லை. ஒருவருக்கு ஓர் ஆசை, அதற்கு ஒரு தடை. தொடங்க இவ்வளவு போதும். மீதியைக் குழந்தை பார்த்துக்கொள்ளும். என் மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது ஓர் இரவு இப்படித் தொடங்கினேன்: “ஒரு ஊர்ல ஒரு ஆடு. அதுக்கு பஸ்ல ஏறி டவுனுக்குப் போகணும்னு ஆசை. ஏறிடுச்சு. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். ஆட்டுக்கிட்ட காசு ஏது?” இதுதான் நான் வைத்திருந்த தடை. அவள் கேட்டாள்: “அது பொண்ணு ஆடா, பையன் ஆடா?” பொண்ணு என்றேன். “அப்ப டிக்கெட்டே வேண்டாமேப்பா!” நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பது தினமும் அம்மாவோடு பயணம் செய்கிறவளுக்குத் தெரியாதா?

என் கதை முதல் நிறுத்தத்திலேயே நின்றுபோனது. வேறு தடை தேட வேண்டியிருந்தது. “கண்டக்டர் சொன்னார், உனக்கு டிக்கெட் வேண்டாம், ஆனா கொம்புக்கு லக்கேஜ் போடணும்.” அவள் கொஞ்சம் யோசித்து, ஆட்டின் தலையில் துண்டைக் கட்டிக் கொம்பை மறைத்துவிட்டாள். “தலையில என்னம்மா மூட்டை?” என்று கண்டக்டர் மறுபடி வந்தார். அந்த ஆடு இரண்டு மாதம் எங்கள் வீட்டில் பேருந்தில் போய்க்கொண்டே இருந்தது.

அந்தக் கேள்வியில் என்ன நடந்தது என்று பாருங்கள். தான் அறிந்த உலகத்தின் விதி ஒன்றை எடுத்து, இல்லாத உலகத்துக்குப் பொருத்திப் பார்க்கிறாள். பொருந்தாத இடத்தில் காரணம் கேட்கிறாள். கற்றல் விளைவு என்று நாம் பதிவேட்டில் எழுதுவது இதைத்தானே? அச்சிட்ட கதை இப்படி நடுவில் வழி மாறாது. அதன் பயன் வேறு. வாய்க்கு வந்தபடி கட்டும் கதைதான் குழந்தை இழுத்த பக்கம் வளையும்.

உலகமே படிக்கும் சில புத்தகங்களும் இப்படிப் பிறந்தவைதாம். 1941-இல் சுவீடனில் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரனின் ஏழு வயது மகள் உடல்நலமில்லாமல் படுத்திருந்தாள். ‘பிப்பி நீள்காலுறை’ என்ற பொருளில், தன் வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லி, அவளைப் பற்றிக் கதை சொல் என்று அம்மாவைக் கேட்டாள். பெயரே விசித்திரமாக இருந்ததால், விசித்திரமான ஒரு சிறுமியைப் பற்றித் தாய் சொல்லத் தொடங்கினார். அது 1945-இல் புத்தகமானது. பெயர் மகள் தந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். எதைச் சொல்வது என்று திகைக்கும் பெற்றோருக்கு நான் சொல்லும் முதல் வழியும் இதுதான்: பெயரைக் குழந்தையிடமே கேளுங்கள்.

இரண்டாவது வழியைத் தந்தவர் இத்தாலிய எழுத்தாளர் ஜியானி ரொதாரி. இளமையில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கற்பனை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி 1973-இல் அவர் எழுதிய நூலில், தொடர்பில்லாத இரண்டு சொற்களைப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார். நாய், அலமாரி. நாய் அலமாரிக்குள் ஏன் போனது? இல்லை, அலமாரியை நாய் முதுகில் சுமக்கிறதா? கேள்வி எழுந்த உடனே கதை நகரத் தொடங்கிவிடுகிறது. வீட்டில் ஆளுக்கொரு சொல் சொன்னால் போதும். நாங்கள் மிக்சியையும் யானையையும் வைத்து ஒரு வாரம் ஓட்டியிருக்கிறோம்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. அன்று குழந்தை செய்த குறும்பை ஒரு முயல் குட்டியின் தலையில் ஏற்றி, “அந்த முயல் சாப்பிடாம அடம் பிடிச்சுச்சாம்” என்று ஆரம்பிப்பது. அடுத்த வரி தன் மீதுதான் விழப்போகிறது என்று குழந்தைக்குத் தெரியும். போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும். ஆசிரியர்களாகிய நமக்கு நீதி சொல்லாமல் முடிப்பது கொஞ்சம் சிரமம்தான்.

படுக்கைக் கதைக்கு வேகமும் வேறு. நடுவில் எவ்வளவு அமளி நடந்தாலும், கடைசியில் எல்லாரும் வீடு திரும்பிக் களைத்துப் படுக்க வேண்டும். குரல் இறங்க வேண்டும், வாக்கியம் சுருங்க வேண்டும். ‘ம்’ கொட்டுவது எப்போது நிற்கிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளலாம். நேற்றைய கதையை மறுநாளும் கேட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம். ஒரு சொல்லை மாற்றினாலும் பிடித்துவிடுவார்கள். ‘ஆனால்’, ‘அதற்குள்’, ‘அதனால்தான்’ போன்ற இணைப்புச் சொற்கள் அந்தத் திரும்பக் கேட்டலில்தான் ஊறுகின்றன. பாடப்புத்தகத்தில் நீண்ட வாக்கியத்தைக் கண்டு தடுமாறும் குழந்தைக்குப் பல சமயம் குறைவாக இருப்பது எழுத்தறிவு அல்ல. ஒரு செய்தியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இந்தப் பழக்கம்.

கதை சொல்ல ஆளே இல்லாத பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். அப்பா வெளியூரில், அம்மா இரவுப் பணியில். ரொதாரியின் 1962-ஆம் ஆண்டுக் கதைத் தொகுப்பு ஒன்றில், ஊர் ஊராகச் சுற்றும் விற்பனையாளர் ஒருவர் ஒவ்வோர் இரவும் மகளுக்குத் தொலைபேசியில் கதை சொல்வார். கட்டணம் ஏறும் என்பதால் கதைகள் எல்லாமே சிறியவை. இன்று நம் பெற்றோருக்கு அந்தக் கட்டணக் கவலைகூட இல்லை. திருப்பூரில் வேலை பார்க்கும் ஒரு தந்தையிடம் இதைச் சொன்னேன். “என்ன சாப்பிட்ட, பரீட்சை எப்படின்னு கேட்டா பேச்சு முடிஞ்சிடுது சார், இது பரவாயில்லை” என்றார்.

தொலைபேசியும் வாய்க்காத பிள்ளைகளுக்காக வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம் ஒதுக்குகிறேன். ஒரு கதையைத் தொடங்கி, தடை வரும் இடத்தில் நிறுத்திவிடுவேன். “மீதியை ராத்திரி தம்பிக்கோ தங்கச்சிக்கோ நீ சொல்லு. திங்கட்கிழமை எனக்கு எழுதிக் காட்டு.” தம்பி தங்கை இல்லாதவர்கள் பாட்டிக்குச் சொல்வார்கள். அதற்கென்று ஒரு நோட்டு இருக்கிறது. அதில் மட்டும் நான் சிவப்பு மை தொடுவதில்லை. அடுத்து என்ன ஆனது என்று கேள்வி ஒன்றைப் பென்சிலால் எழுதித் திருப்பித் தந்துவிடுவேன்.