கண்ணுக்கு முகாம் போட்ட ஊர் மனசுக்கும் போடலாமே!

பரீட்சை முடிவு நாளில் தனியாகத் தவிக்கும் பிள்ளைகள்: சேவை சங்கங்கள் கவனிக்குமா?

இராஜபாளையம்:-

ஒரு காலத்தில் பரீட்சை முடிவு மாலைப் பத்திரிகையில்தான் வரும்.

பஸ் நிலையத்துப் பெட்டிக் கடையில் கட்டைப் பிரிப்பதற்குள் பேப்பரைப் பிடுங்கிக்கொள்வார்கள். பொடி எழுத்தில் நம்பர்கள். நம்பர் இருந்தால் பாஸ். இல்லாவிட்டால் பெயில்!

பெயிலான பயல் அங்கேயே நின்று அழுவான். பக்கத்தில் நிற்கிற கடைக்காரர், "போடா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று தோளில் தட்டி ஒரு டீ வாங்கிக் கொடுப்பார். அழுகை பாதி அடங்கிவிடும்.

இப்போது முடிவு செல்போனுக்கு வருகிறது. பையன் தனியாகப் பார்க்கிறான். தனியாகவே அழுகிறான். தோளில் தட்ட அந்தக் கடைக்காரர் இல்லை.

அப்பா மில்லில் ஷிப்டு. அம்மா சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணித் தறியில். வீடு பூட்டிக்கிடக்கிறது. பையன் எங்கே போவான்? பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, மதுரை பஸ்சையும் தென்காசி பஸ்சையும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அவனுக்கு ஊர் என்ன செய்கிறது? இதுதான் கேள்வி.

மாலை யாருக்கு?

அதே நாளில் ஊரில் இன்னொரு காட்சியும் உண்டு. நல்ல மார்க் வாங்கிய மாணவ-மாணவிகளுக்கு மாலை, சால்வை, கேடயம், போட்டோ! சேவை சங்கங்கள் போட்டி போட்டுக்கொண்டு பாராட்டுகின்றன.

அது தப்பே இல்லை. படித்த பிள்ளையைப் பாராட்டத்தான் வேண்டும்.

மாநிலத்தில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-ல் நிறுத்திவிட்டது. பிள்ளைகள் மனசு நோகக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். தெருவில்தான் அந்த வழக்கம் நிற்கவில்லை. "பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை மார்க்?" என்ற கேள்வி இன்னும் வாசலில் நிற்கிறது.

முதல் மார்க் வாங்கிய பிள்ளைக்கு அன்று ஊரே துணை. கடைசி மார்க் வாங்கிய பிள்ளைக்குத்தான் ஒரு ஆள் துணை வேண்டும்.

தனிமையில் பிறந்த சங்கம்

இந்த சேவை சங்கங்கள் எப்படிப் பிறந்தன தெரியுமா? கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

பால் ஹாரிஸ் என்று ஒரு வக்கீல். அமெரிக்காவில் சின்ன ஊரில் தாத்தா-பாட்டியிடம் வளர்ந்தவர். தொழில் செய்ய சிகாகோ பட்டணத்துக்கு வந்தார். வேலை இருந்தது, பேச ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தனிமை வாட்டியது.

1905-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி, தன்னைப்போல இன்னும் 3 பேரைக் கூட்டினார். ஒருவர் நிலக்கரி வியாபாரி. ஒருவர் சுரங்க என்ஜினீயர். ஒருவர் தையல்காரர். இந்த வாரம் ஒருவர் ஆபீசில், அடுத்த வாரம் இன்னொருவர் ஆபீசில் என்று சுற்றிச் சுற்றிக் கூடினார்கள். அதனால்தான் 'ரோட்டரி' என்று பெயர்!

அவர்கள் ஊருக்காகச் செய்த முதல் வேலைகளில் ஒன்று, சிகாகோவில் பொதுக் கழிப்பிடம் கட்ட முன்நின்றது.

ஆக, ஒரு மனிதன் தனிமையைத் தாங்க முடியாமல் தொடங்கிய சங்கம் அது. இன்று செல்போனைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும் பையனை அந்தச் சங்கத்தாருக்குப் புரியாதா என்ன?

பிறகு 1917-ல் லயன்ஸ் சங்கம் வந்தது. பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர், 1925-ல் அந்தச் சங்கத்தாரின் மாநாட்டில், "கண் இல்லாதவர்களுக்குக் கை கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். அன்று பிடித்த கண் சேவைதான் இன்று வரை நடக்கிறது.

இளவட்டங்களுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. லயன்சின் 'லியோ' 1957-ல் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோட்டரியின் 'இன்டராக்ட்' 1962-ல் வந்தது. வாலிபர்களுக்கு 'ரோட்டராக்ட்' 1968-ல் வந்தது.

மதுரை டாக்டர் காட்டிய வழி

கண் முகாம் என்றால் நம் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது.

டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கிராமத்துக் கிழவி மதுரைக்கு வரமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே டாக்டர்களையே ஊருக்கு அனுப்பினார்.

முகாமுக்கு இடம் பிடித்தது யார்? நோட்டீஸ் அடித்தது யார்? கிழவன்-கிழவிகளைக் கைப்பிடித்து பஸ் ஏற்றியது யார்? உள்ளூர் சேவை சங்கத்தாரும் வியாபாரிகளும்தான்.

"கண்ணில் கத்தி வைப்பாகளாமே" என்று அப்போது பயந்தவர்கள் ஏராளம். ஒருவர் போய்ப் பார்வையோடு திரும்பியதும், அடுத்த முகாமுக்குத் தெருவே கிளம்பியது. பயமும் போயிற்று, வெட்கமும் போயிற்று.

மனசு விஷயத்திலும் இன்று அதே பயம். "மனசு டாக்டரைப் பார்த்தால் பைத்தியம்னு சொல்லுவாகளே!" கண்ணுக்குப் போன வெட்கம் மனசுக்கும் போக வேண்டாமா?

1875-லேயே!

"நம்ம ஊரில் இதெல்லாம் நடக்குமா?" என்று இழுக்கிறவர்கள் பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரைப் பார்க்கட்டும்.

அங்கே பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. தொடங்கிய ஆண்டு 1875. ரோட்டரி பிறப்பதற்கு 30 வருஷம் முந்தி! அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. கலெக்டராக இருந்த பென்னிங்டன் துரையின் பெயர் நூலகத்துக்கு வந்தது. சர்க்கார் தலையில் கட்டாமல், ஊர்ப் பெரியவர்கள் கமிட்டி போட்டு நடத்தி வந்த நூலகம் அது.

வீட்டில் இடம் இல்லாத பிள்ளைக்கு ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு புத்தகம். "நீ யார், எத்தனை மார்க்?" என்று நூலகத்தில் யாரும் கேட்பது இல்லை. இதுவும் ஒரு வகை வைத்தியம்தானே?

இராஜபாளையம் மட்டும் சும்மாவா? 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர் பூ.ச.குமாரசாமி ராஜா. இந்த ஊர்க்காரர். தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார்!

வீட்டையே கொடுத்தவர் வாழ்ந்த ஊரில், வாரத்துக்கு ஒரு சாயங்காலம் ஒரு அறையைத் திறந்து வைக்க முடியாதா?

கேட்கிற காது

அறையைத் திறந்தால் போதுமா? உள்ளே என்ன நடக்க வேண்டும்?

அதற்கும் வழி காட்டியிருக்கிறார்கள். லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் 1953-ல் ஒரு டெலிபோனை வைத்துக்கொண்டு, "மனசு தாங்காதவர்கள் என்னைக் கூப்பிடலாம்" என்று அறிவித்தார். அவருக்கு உதவியாகத் தொண்டர்கள் சிலர் வந்தார்கள். வந்தவர்களுக்கு டீ கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். பலர் அந்தத் தொண்டர்களிடம் பேசியே மனசு ஆறிப்போனார்கள். பாதிரியாரைப் பார்க்காமலே திரும்பிவிட்டார்கள்!

சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் 'சினேகா'வைத் தொடங்கினார். அங்கேயும் தொண்டர்கள்தான். காசு வாங்குவது இல்லை. புத்திமதி சொல்வது இல்லை. கேட்கிறார்கள். கேட்டதை வெளியே சொல்வது இல்லை.

"அடே, கேட்பது ஒரு வேலையா?" என்று நினைக்காதீர்கள். கேட்டுப் பாருங்கள், தெரியும். பிள்ளை இரண்டு வார்த்தை பேசுவதற்குள், "நாங்கள்லாம் அந்தக் காலத்துல..." என்று நாம் ஆரம்பித்துவிடுவோம். வாயை மூடிக்கொண்டு கேட்பதற்குப் பயிற்சி வேண்டும்.

என்ன செய்யலாம்?

சேவை சங்கத்தாருக்குச் சில யோசனைகள்:-

* பரீட்சை முடிவு வரும் நாளில் பள்ளிக்கூட வாசலிலும் பஸ் நிலையத்திலும் ஒரு மேஜை, நாலு நாற்காலி போடுங்கள். தோற்ற பிள்ளைகள் அந்த வருஷமே ஜூன்-ஜூலை வாக்கில் துணைத் தேர்வு எழுதலாம். ஒரு வருஷம் வீண் ஆகாது. இது பல தகப்பனார்களுக்கு இன்னும் தெரியாது. மனு போட உதவி செய்யுங்கள்.

* படிப்பே வரவில்லை என்றால் ஐ.டி.ஐ. இருக்கிறது. 8-ம் வகுப்பு முடித்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் தொழில்களும் அதில் உண்டு. கையில் தொழில் வந்தால் மனசில் தெம்பு வரும்.

* வாரத்தில் ஒரு சாயங்காலம், ஒரே இடம், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேரம் போர்டும் இருக்கட்டும். விளையாட வருகிற பையன்தான் பேச ஆரம்பிப்பான்.

* மாவட்ட மனநலத் திட்ட டாக்டர்களை அணுகுங்கள். கண் டாக்டரை அழைத்து வந்த உங்களுக்கு இது பெரிய காரியமா?

* சங்கத்தில் நாலு பேர் மட்டும் முறையாகப் பயிற்சி பெறுங்கள். எல்லோரும் பேசினால் சந்தைக் கடை ஆகிவிடும்.

* பெண் பிள்ளைகளை மறக்க வேண்டாம். மில் வேலைக்குப் போகிற பெண், படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்த பெண், இவர்கள் பஸ் நிலையத்து மேஜைக்கு வரமாட்டார்கள். ரோட்டரி குடும்பத்துப் பெண்களின் 'இன்னர் வீல்' போன்ற மகளிர் சங்கங்கள் அவர்கள் இருக்கிற தெருவுக்கே போக வேண்டும்.

டீக்கடைக்கு வரக் கூடாது

ஒரு எச்சரிக்கை. சின்ன ஊரில் பெரிய ஆபத்து, வாய்!

காலையில் ஒரு பிள்ளை அழுதுகொண்டு சொன்னது, சாயங்காலம் டீக்கடைக்கு வந்துவிட்டால் தீர்ந்தது கதை. அடுத்த பிள்ளை அந்த வாசலை மிதிக்காது.

ஆகவே போட்டோ வேண்டாம். பேனர் வேண்டாம். "இன்னாருக்கு ஆறுதல் கூறினார்" என்று நமக்குச் செய்தியும் அனுப்ப வேண்டாம். கண் முகாமுக்கு விளம்பரம் பலம். மனசு முகாமுக்கு இரகசியம்தான் பலம்.

பெற்றோரே, நீங்களும்...

சங்கத்தார் வரும் வரை வீட்டில் சும்மா இருக்க வேண்டாம்.

பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, சேக்காளிகளை விட்டு விலகுகிறது, "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்று பேசுகிறது - இப்படி இருந்தால், "நடிக்கிறான்" என்று தள்ளாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். "என்னய்யா கஷ்டம்?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் கெட்டுப்போகும் என்பது வெறும் பயம். கேட்டால்தான் மனசு திறக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் தனியாக விடாதீர்கள். தாமதம் இல்லாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

முடிவு வருகிற அன்று மார்க்கைப் பிறகு கேட்கலாம். முதலில், "சாப்ட்டியாய்யா?" என்று கேளுங்கள்.

ஆடிப்பூரத் தேரை ஒருவர் இழுத்துவிட முடியாது. ஊர் கூடி வடம் பிடித்தால்தான் தேர் நகரும். பிள்ளைகள் விஷயமும் அப்படித்தான். மேஜை போட ஒருவர், டீ வாங்கிக் கொடுக்க ஒருவர், காது கொடுக்க ஒருவர். வர்த்தகர்களே, குமாஸ்தாக்களே, இதில் உங்களால் முடிந்தது எது?

மனசு தாங்காதவர்கள் பேச:-

14416 - அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி. 24 மணி நேரமும் இலவசம். தமிழில் பேசலாம்.

104 - தமிழக அரசின் மருத்துவ உதவி எண்.

044-24640050 - சினேகா, சென்னை.

இதை வெட்டி எடுத்துக் கடையில் ஒட்டி வையுங்கள். பஸ்சுக்குக் காத்து நிற்கிற எந்தப் பிள்ளையின் கண்ணிலாவது படும்.