குழி விழுந்த நெஞ்சு: மறைக்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்

சில பிள்ளைகளுக்கு நெஞ்சின் நடுவே கிண்ணம் போல் குழி விழுந்திருக்கும். சிலருக்குப் புறாவின் நெஞ்சு போல் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். குழி விழுந்திருந்தால், "சரியாகச் சாப்பிடவில்லை" என்று பிள்ளையைக் குறை சொல்லும் வீடுகள் உண்டு. அது தவறு. விலா எலும்புகளை நெஞ்செலும்போடு இணைக்கும் குருத்தெலும்புகள் சீரற்று வளர்வதே இதற்குக் காரணம். ஆண் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும். சில குடும்பங்களில் வழிவழியாகவும் வரும்.

எப்போது கவனிக்க வேண்டும்?

பதின்ம வயதில் பிள்ளை வேகமாக உயரும்போது குழியும் ஆழமாகலாம். லேசான குழிக்குச் சிகிச்சை தேவையில்லை. ஆழமானால் இருதயத்தையும் நுரையீரலையும் அழுத்தும். ஓடும்போது சீக்கிரம் மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, படபடப்பு ஆகியவை அறிகுறிகள். கேலிக்குப் பயந்து நீச்சலையும் விளையாட்டையும் ஒதுக்கும் பிள்ளைகளின் மனவேதனையும் சிறியதல்ல.

என்ன சோதனைகள்?

சி.டி. ஸ்கேன், இருதய ஸ்கேன், நுரையீரல் சோதனை ஆகியவை செய்யப்படும். நெஞ்சின் உள் அகலத்தை, நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் உள்ள இடைவெளியால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். சாதாரணமாக அது 2.5 அளவில் இருக்கும். 3.25-ஐத் தாண்டினால் அறுவை சிகிச்சை பற்றி மருத்துவர்கள் யோசிப்பார்கள். பிள்ளை மிக உயரமாக, மெலிந்து, நீண்ட விரல்களோடு இருந்தால் 'மார்ஃபான்' எனும் பரம்பரை நோய் உள்ளதா என்றும் பார்ப்பார்கள்.

சிகிச்சை எப்படி?

1949-இல் டாக்டர் ராவிட்ச் விவரித்த முறையில், நெஞ்சைத் திறந்து குருத்தெலும்புகளை அகற்றி, நெஞ்செலும்பை நிமிர்த்துவார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டாக்டர் டோனல்ட் நஸ் 1987-இல் வேறு வழியைக் கையாண்டார். நெஞ்சின் இரு பக்கமும் சிறு துளையிட்டு, வளைந்த உலோகப் பட்டை ஒன்றை நெஞ்செலும்பின் கீழ் செலுத்தித் திருப்பினால், குழி மேலெழும்பும். சிறு கேமரா வழியாகப் பார்த்தபடியே இதைச் செய்வார்கள். சுமார் 2 முதல் 4 ஆண்டுகள் கழித்துப் பட்டையை எடுத்துவிடுவார்கள்.

பெரியவர்களுக்கும் இதைச் செய்யலாம். ஆனால் எலும்பு இறுகிவிடுவதால் வலி அதிகம். ஒன்றுக்கு மேற்பட்ட பட்டைகள் தேவைப்படலாம். முதல் சில நாள்கள் எல்லாருக்குமே கடும் வலி இருக்கும். பட்டை நகர்வது, கிருமித் தொற்று, மிக அரிதாக இருதயத்தில் காயம் ஆகிய ஆபத்துகளும் உண்டு. நிக்கல் போன்ற உலோக ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

துருத்திய நெஞ்சுக்குப் பெரும்பாலும் கத்தி வைக்கத் தேவையில்லை. வளரும் வயதில், நெஞ்சை அழுத்தும் பட்டையைத் தினமும் பல மணி நேரம் அணிந்தால் போதும். வயது கூடக் கூட இதன் பலன் குறையும்.

எங்கே தொடங்குவது?

முதலில் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் பிள்ளையைக் காட்டி, நிபுணரைப் பார்க்கக் கடிதம் கேளுங்கள். இப்படிப்பட்ட அறுவை சிகிச்சைகளை எத்தனை செய்திருக்கிறார்கள், வலியை எப்படிக் குறைப்பார்கள், பட்டையை எப்போது எடுப்பார்கள், மொத்தச் செலவு என்ன என்பதையும் தயங்காமல் கேளுங்கள். பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டு முடிவெடுங்கள்.