கடயா வாழ ஓடை வேண்டும்

இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறுகிறவர்கள் காற்றுக்காகவும் பனிக்காகவும் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வளைவுகளில் வாகனம் நிறுத்த இடமில்லை. பாதையோரம் ஓடும் தண்ணீருக்குள் குனிந்து பார்ப்பவர்கள்தான் குறைவு.

மலையைத் தாண்டி இலுக்கும்புரப் பக்கம் இறங்கியதும் தெல்கமு ஓயா வரும். காலை வெயில் தண்ணீரில் விழும் நேரத்தில், ஒரு மடுவின் ஓரத்தில் குந்தியிருந்து பாருங்கள். முதலில் கல்லும் மணலும்தான் தெரியும். உங்கள் நிழல் அசையாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் அந்தக் கல்லே நகர்வது போலிருக்கும். விரல் நீள மீன்கள் பாறையில் வாயை ஒட்டிவைத்துப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருக்கும். அவை சுரண்டிய இடத்தில் பாசி நீங்கி, பாறையின் நிறம் சிறு சிறு பொட்டுகளாகத் தெரியும். பாறையில் அந்தப் பொட்டுகள் இருந்தால் ஓடை உயிரோடு இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இதே தொழிலைச் செய்யும் இன்னொரு மீன் உண்டு. அவற்றைவிடப் பெரியது, பச்சை சாயல் கொண்டது. சிங்களத்தில் கடயா என்பார்கள். லேபியோ ஃபிஷெரி என்ற அறிவியல் பெயரை 1917இல் ஜோர்டன், ஸ்டார்க்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வைத்தார்கள். மகாவலித் தொகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் இது இல்லை. ஆழமான மடு, பெரும் பாறை, பாய்ந்து வரும் தண்ணீர் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் வாழும். அப்படியான மடுக்களில்தான் வெடி போட்டு மீன் பிடிக்கிறவர்களும் கை வைக்கிறார்கள். ஒரு வெடியில் மடுவிலுள்ள குஞ்சு குருமான் எல்லாம் வயிற்றை மேலே காட்டி மிதக்கும்.

கடயாவுக்குப் பக்கத்துக் குடிகள் இன்னும் இரண்டு. ஒன்று தும்பர பெத்தியா. மகாவலியின் கிளையான அம்பன் கங்கைத் தொகுதிக்கே உரிய இந்த மீனை 1991இல் கொட்டலாட்டும் றொஹான் பெத்தியாகொடவும் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். மற்றது அம்பன் கங்கையில் சேரும் களு கங்கையிலும் அதைச் சார்ந்த நீரிலும் வாழும் டோக்கின்சியா ஸ்ரீலங்கென்சிஸ். 1985இல் ரணில் சேனாநாயக்க பெயரிட்டது. இதே பேரினத்து மீனொன்று தமிழ்நாட்டுத் தாமிரபரணியில் மட்டும் வாழ்கிறது. கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக இரண்டும் ஒவ்வோர் ஆற்றை நம்பி நிற்கின்றன.

அம்பன் கங்கையை மறிப்பது நமக்குப் புதிதல்ல. வசப மன்னன் காலத்திலேயே எலஹெரவில் கால்வாய் வெட்டினார்கள். பிறகு மகாசேனன் அதை மின்னேரியா வரை கொண்டுபோனான். 1976இல் பொல்கொல்லவில் மகாவலியை மறித்து, சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவளை மின் நிலையத்துக்குத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணீர் சுது கங்கையில் விழுகிறது. கடைசியாக வந்தவை மொரகஹகந்த, களு கங்கை நீர்த்தேக்கங்கள். களு கங்கையில் தண்ணீர் தேக்கத் தொடங்கியது 2018இல். அதற்காகப் பழைய லக்கல நகரமே இடம்பெயர்ந்தது. ஊரின் கதையைப் பத்திரிகைகள் எழுதின. நீரில் மூழ்கிய பாறை மடுக்களைப் பற்றி எழுதியவர்கள் சிலரே. வறண்ட வயல்களுக்கும் குடிநீருக்கும் அந்த அணைகள் தேவைப்பட்டன, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஓடும் நீருக்குப் பழகிய மீனுக்குத் தேங்கிய நீர் வீடாகாது. அந்த நீரில் செழிப்பது 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா போன்றவைதான்.

அணை கட்டிய ஆற்றில் மீன் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய பாடம் ஸ்டர்ஜன். கேவியர் என்னும் முட்டைக்காகத் துரத்தப்பட்ட மீன் அது. எஞ்சியுள்ள 26 இனங்களும் அழியும் ஆபத்தில் இருப்பதாக ஐ.யு.சி.என். 2022இல் அறிவித்தது. சீனத்தின் யாங்சி ஆற்றில் 1981இல் கெசோபா அணை ஆற்றை மறித்தது. முட்டையிட மேலே போக வேண்டிய மீன்களுக்கு வழி அடைபட்டது. பண்ணையில் குஞ்சு பொரித்து ஆற்றில் விட்டார்கள், ஆண்டுதோறும் விட்டார்கள். அப்படியும் யாங்சி ஸ்டர்ஜன் இயற்கையில் அற்றுப்போனது என்று அதே 2022இல் எழுத வேண்டி வந்தது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் நடந்தது வேறு. கென்னெபெக் ஆற்றின் எட்வர்ட்ஸ் அணையை 1999இல் இடித்தார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் மறிக்கப்பட்டிருந்த நீருக்கு ஸ்டர்ஜன்கள் தாமாகவே ஏறி வந்தன.

மொரகஹகந்தவை யாரும் இடிக்கப் போவதில்லை, இடிக்கச் சொல்லவும் மாட்டேன். நமக்கு மிச்சமிருப்பது அணைகளுக்கு மேலே உள்ள ஓடைகள். அவை பிறக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000இல் பாதுகாப்பு வனமானது. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. காட்டுக்குள் பிறக்கும் தண்ணீர் அதனால் தப்பியிருக்கிறது. காட்டின் எல்லைக்குக் கீழே வந்தால் நிலைமை வேறு. கரையோரத்து மரம் வெட்டுப்படுகிறது, தோட்டத்து மருந்து மழையோடு இறங்குகிறது, எலஹெரப் பக்கம் மாணிக்கக் குழிகளின் சேறு கலக்கிறது. சேறு படிந்த கல்லில் பாசி நன்றாக வளராது. பாசி இல்லாத இடத்தில் கடயாவுக்கு வேலை இல்லை.

மீன்களை இடம் மாற்றிக் காப்பாற்ற முடியுமா? இந்த நாட்டிலேயே முயன்று பார்த்திருக்கிறார்கள். ஈரவலய ஓடைகளின் உள்நாட்டு மீன்கள் சிலவற்றை மகாவலி ஓடைகளுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றில் சில அங்கே நிலைத்துப் பெருகியதை எரிக் விக்கிரமநாயக்க 1990இல் ஆய்வாக வெளியிட்டார். ஆனால் மீன் எங்கே இருந்தாலும் கரைக்காரர் துணை வேண்டும். கேகாலை மாவட்டத்துக் கலபிட்டமடையில் பண்டுல பெத்தியா என்ற மீனைக் காக்கும் முயற்சி, ஓடை ஓரத்து வயல்காரர்களின் ஒத்துழைப்பில்லாமல் ஓர் அடியும் நகராது. கரையை யார் வைத்திருக்கிறாரோ அவரிடம்தான் மீனின் உயிரும் இருக்கிறது.

நமது மாத்தளை மாவட்டத்திலேயே, தம்புள்ளையில், தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் நிலையம் இருக்கிறது. குளங்களுக்கு விடும் கெண்டைக் குஞ்சுகளை வளர்ப்பதில் அங்கே அனுபவம் உண்டு. கெண்டைக்கு உறவான மீன்தான் கடயா. தொட்டிகளில் ஒன்றைக் கடயாவுக்கு ஒதுக்கினால் என்ன? ஆனால் வரிசை மாறக்கூடாது. ஓடையைச் சீர்செய்த பிறகே குஞ்சு விட வேண்டும். அழிந்த ஓடையில் குஞ்சு விடுவது யாங்சியில் செய்த பிழையையே இங்கும் செய்வதாகும்.

இரத்தோட்டைப் பகுதி மக்களிடம் ஒரு வேண்டுகோள். மிளகுத் தோட்டத்தையும் ஏலத் தோட்டத்தையும் ஓடைக்கரை வரை நீட்டாதீர்கள், பத்தடி மரத்தையாவது நிற்க விடுங்கள். சுற்றுலா வருகிறவர்கள் மடுவில் சவர்க்காரம் போட்டுக் குளிப்பதைக் கண்டால் தடுங்கள். வெடி போடுகிறவரைத் தெரிந்தும் மறைக்காதீர்கள். அதிகாரிகளிடம் ஒன்று கேட்கிறேன்: இந்த மலையில் அடுத்த சிறு நீர்மின் திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும் முன், அந்த ஓடையில் எந்த மீன் எத்தனை இருக்கிறது என்று ஆளை இறக்கி எண்ணிப் பாருங்கள்.