கைக்கு இசைந்த கருவி

அமைச்சரின் இலக்கணம் கூறப் புகுந்த திருவள்ளுவர், அவர் ஆராய்ந்து தெளிய வேண்டியவற்றை எண்ணுங்கால் கருவியையே முதற்கண் வைத்தார். நாடாளும் வினைக்குக் கருவி எத்துணை இன்றியமையாததோ, நட்டும் போல்ட்டும் திருகும் எளிய தொழிலுக்கும் அத்துணை இன்றியமையாததாகும். தச்சனுக்கு உளி; உழவனுக்குக் கொழு; இயந்திரம் பழுதுபார்ப்பவனுக்கு 'ரேச்சட்' எனத் தொழிற்கூடங்களில் வழங்கும் திருகுகருவி. கடையிலே பளபளக்கும் பல ரேச்சட்டுகளுள் தனக்கு உற்ற ஒன்றை அவன் எவ்வாறு தேர்ந்தெடுக்கிறான் என்பது அறிதற்குரியது.

திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர் வட்டத்தில் அமைந்தது சித்தையன்கோட்டை. மேற்கே மலைத்தொடர், அதன் அடிவாரத்தில் காமராசர் நீர்த்தேக்கம், சுற்றிலும் நெல்லும் வாழையும் தென்னையும் செழிக்கும் நிலம். வாய்க்கால் நீர் எட்டாத வயல்களுக்குக் கிணறே துணை. கிணற்று நீரை மேலே கொணர்வது பம்பு. ஆயினும் அப்பம்பை எப்போதும் கரைமேல் வைத்துவிட இயலாது. நீரைக் குழாயினுள் மேலேற்றுவது காற்றின் அழுத்தமே. அவ்வழுத்தத்திற்கும் ஓர் எல்லை உண்டு. 10 மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்திலிருந்து எந்தப் பம்பாலும் நீரை உறிஞ்ச முடியாது. நடைமுறையில் ஏறத்தாழ 7 மீட்டரே கைகூடும். ஆதலின் ஆழமான திறந்த கிணறுகளில் உட்சுவரை ஒட்டி மேடை அமைத்து, அதன்மேல் பம்பை நிறுத்துவர். நீர்மூழ்கிப் பம்புகள் பெருகியுள்ள இந்நாளிலும் இத்தகைய மேடைகளைக் காணலாம்.

வாழை குலைதள்ளும் கோடையில் அப்பம்பு நின்றுவிட்டால் உழவனின் நெஞ்சும் நின்றுவிடும். சில நாள் நீரின்றேல் ஓராண்டு உழைப்பு வாடிப்போகும். பழுதுபார்ப்பவன் மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, கருவிப் பையுடன் கிணற்றினுள் இறங்குகிறான். மேடையோ இருவர் நிற்கவும் போதாதது. பம்புக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் வெளிதான் இருக்கும். குழாயைப் பம்போடு பிணைத்திருக்கும் நான்கு நட்டுகளையும் அந்த இடுக்கிலேயே கழற்றியாக வேண்டும்.

நட்டுக்குப் பக்கங்கள் ஆறு. வாய் நேராக அமைந்த ஸ்பேனரால் அதனைத் திருப்பினால், 60 பாகை திருப்பியபின் கருவியை எடுத்து மீண்டும் பொருத்த வேண்டும். அஃதாவது, ஒரு முழுச்சுற்றுக்கு ஆறு முறை. நட்டு வெளிவரப் பன்னிரண்டு சுற்றுகள் வேண்டுமெனின் 72 முறை. நான்கு நட்டுகளுக்கு 288 முறை! 60 பாகை திருப்பவும் இடமில்லாத இடுக்கில் அதுவும் இயலாது. இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க வந்ததே ரேச்சட்.

ரேச்சட்டின் தலையினுள் ஒரு சிறு பற்சக்கரம் உண்டு. அதன் பற்களிடையே விழுந்து பற்றும் ஒரு நாக்கும், அந்நாக்கைப் பின்னின்று தள்ளும் ஒரு சுருள்வில்லும் உண்டு. கைப்பிடியை ஒரு திசையில் திருப்பினால், நாக்கு பல்லில் ஊன்றிக்கொண்டு சக்கரத்தையும் உடன் இழுத்துச் செல்லும், நட்டும் திரும்பும். கைப்பிடியை மறு திசையில் கொணர்ந்தால், நாக்கு பற்களின்மீது வழுக்கிக் 'கட கட' என ஒலித்து வரும். நட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே, கருவியை எடுக்காமலே முன்னும் பின்னும் அசைத்து நட்டை முழுதும் கழற்றிவிடலாம். தலையிலுள்ள சிறு நெம்பை மறுபுறம் தள்ளினால், கழற்றும் கருவியே முடுக்கும் கருவியாகிவிடும்.

இவ்வமைப்பு மாணவர்க்குப் புதிதன்று. மிதிவண்டியில் செல்வோர் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தொடர்ந்து சுழல்கிறதன்றோ? அப்போது பின்சக்கரத்தில் எழும் ஒலி, பற்களின்மீது நாக்கு வழுக்கும் ஒலியே. சித்தையன்கோட்டைக்கு அணித்தேயுள்ள சின்னாளபட்டி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். கைத்தறிகள் பலவற்றில், நெய்த துணியைச் சுற்றும் உருளை பின்னோக்கிச் சுழலாதபடி தடுப்பதும் இத்தகைய பற்சக்கரமும் நாக்குமே.

இப்பழைய அமைப்பைத் திருகுகருவியுடன் இணைத்து, 1863 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜே. ஜே. ரிச்சர்ட்சன் என்பார் காப்புரிமை பெற்றார். 1920 ஆம் ஆண்டளவில் ஜோசப் ஜான்சன் என்பார், ஐந்து கைப்பிடிகளையும் பத்துச் சாக்கெட்டுகளையும் மாற்றி மாற்றிப் பொருத்தி ஐம்பது கருவிகளின் வேலையைச் செய்யலாம் என்று காட்டினார். சாக்கெட் என்பது நட்டின் தலையை முழுதும் கவ்வும் எஃகுக் குழல். ஒரு கைப்பிடிக்குப் பல சாக்கெட்டுகள் என்னும் முறை அதன்பின் உலகெங்கும் பரவியது.

இனி, தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். முதலில் நோக்க வேண்டுவது சாக்கெட்டின் பொருத்தம். பூட்டுக்குப் புகழ்பெற்றது திண்டுக்கல். அவ்வூர்ப் பூட்டு 2019 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. பூட்டுக்கு ஏற்ற சாவியின்றேல் எத்துணை வலிய கையும் பயன்படாது என்பது அவ்வூரார் நன்கறிந்த உண்மை. நட்டுக்கும் சாக்கெட்டுக்கும் உள்ள உறவும் அத்தகையதே. 1841 ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் மரைகளுக்கு அங்குல அளவில் ஒரு பொதுமுறை வகுத்தார். பழைய எண்ணெய் எஞ்சின்கள் பலவற்றில் அம்மரைகளையே காணலாம். 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இந்தியா மெட்ரிக் அளவை முறையை மேற்கொண்டபின், மில்லிமீட்டர் அளவுகள் பெருவழக்காயின. எனவே, பழையதும் புதியதும் கலந்த ஊரில் இருவகை அளவுகளும் எதிர்ப்படும்.

அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அரை அங்குலத் தலைமீது 13 மில்லிமீட்டர்ச் சாக்கெட்டைப் பொருத்தினால் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி விழும். 'இது ஒரு பொருட்டோ?' எனத் தோன்றலாம். ஆனால் இறுகிய நட்டில் அவ்விடைவெளியே கேடாய் முடியும், சாக்கெட் நழுவும், நட்டின் முனைகள் மழுங்கும், பின்னர் எக்கருவியும் அதனைப் பற்றாது. முக்கால் அங்குலமோ 19.05 மில்லிமீட்டர், ஆதலின் அதற்கும் 19 மில்லிமீட்டர் அளவுக்கும் வேறுபாடு மிகச் சிறிது. எது பொருந்தும், எது பொருந்தாது என்பதைக் கணக்கு காட்டும், கண் காட்டாது. சாக்கெட்டின் உட்புறம் ஆறு முனை உடையதாயின், நட்டின் பக்கங்களை நன்கு பற்றும். பன்னிரு முனை உடையது பொருத்துவதற்கு எளிது. ஆனால் மழுங்கிய நட்டில் எளிதில் நழுவும்.

இரண்டாவது, பற்களின் எண்ணிக்கை. சக்கரத்தில் 24 பற்கள் இருப்பின், ஒரு பல் நகரக் கைப்பிடியை 15 பாகை திருப்ப வேண்டும். 72 பற்கள் இருப்பின் 5 பாகையே போதும். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனி, முன்னதில் ஏறத்தாழ ஆறரைச் சென்டிமீட்டர் நகர வேண்டும். பின்னதில் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதியாக நகர்ந்தாற் போதும். கிணற்று இடுக்கில் இவ்வேறுபாடே வேலை முடிவதற்கும் முடியாமைக்கும் காரணமாகும். ஆயினும், பற்கள் மிகுந்தால் ஒவ்வொரு பல்லும் சிறுத்துவிடும். அவற்றைச் செவ்வையாக அமைக்காத மலிவான கருவியில் அவை விரைவில் தேயும். எண்ணிக்கை மட்டும் சிறப்பாகாது. எஃகின் தரமும் வேலையின் நேர்த்தியும் உடன் வேண்டும்.

மூன்றாவது, கைப்பிடியின் நீளமும் சாக்கெட் பொருந்தும் சதுர முனையின் அளவும். சதுர முனை கால் அங்குலம், காலே அரைக்கால் அங்குலம், அரை அங்குலம் எனப் பலவாறு வரும். மெட்ரிக் நாடுகளிலும் இவ்வங்குல அளவுகளே நிலைத்துவிட்டன. நெம்புகோல் நீண்டால் அதன் ஆற்றலும் மிகும். 25 சென்டிமீட்டர்க் கைப்பிடியின் நுனியில் 20 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையைச் செலுத்தினால், ஏறத்தாழ 49 நியூட்டன் மீட்டர் முறுக்கம் உண்டாகும். கைப்பிடி இரு மடங்கானால் முறுக்கமும் இரு மடங்காகும். வலிமை மிக்க எஃகினாலான 8 மில்லிமீட்டர்ப் போல்ட்டையே ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டருக்குத்தான் முறுக்குவது வழக்கம். அதன்மீது நீண்ட கருவியைக் கொண்டு வலிமை முழுவதையும் காட்டினால் போல்ட்டு அறுந்துவிடும். எனவே, 'பெரியதே சிறந்தது' என எண்ணுதல் பிழை. சிறிய போல்ட்டுக்குச் சிறியது. பம்பின் பெரிய நட்டுகளுக்கு அரை அங்குல முனையுடையது.

நான்காவது, பிடிமானம். எண்ணெய்க் கையிலும் வழுக்காத பிடி வேண்டும். திசை மாற்றும் நெம்பு, கட்டைவிரலுக்கு எட்டுமாறு இருத்தல் வேண்டும். சாக்கெட் தானே கழன்று விழாமலும், வேண்டும்போது எளிதிற் கழலுமாறும் இருத்தல் வேண்டும். இதற்கென ஒரு பொத்தானை அமைத்த முறை சுவையானது. 1963 ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஒரு கடையில் பணிபுரிந்த 18 வயது இளைஞரான பீட்டர் ராபர்ட்ஸ், ஒரு கையாலேயே பொத்தானை அழுத்திச் சாக்கெட்டை விடுவிக்கும் அமைப்பொன்றைக் கண்டறிந்தார்; 1965 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். கிணற்று மேடையில் நிற்பவனுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். கைதவறி விழுந்த சாக்கெட் தரையிலன்று, நீரின் அடியிலன்றோ கிடக்கும்! முன்னறிவுடையவன் கருவியின் கைப்பிடியில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையைக் குழாயோடு பிணைத்துக்கொள்வான்.

சிறந்த கருவிக்கும் எல்லை உண்டு. துருப்பிடித்து இறுகிய நட்டை ரேச்சட்டால் வலிந்து திருப்பலாகாது. அத்துணைச் சுமையையும் தாங்குவது உள்ளிருக்கும் சிறு நாக்கும் சில பற்களுமே. முதலில் மரையில் மண்ணெண்ணெய் விட்டுச் சிறிது நேரம் பொறுத்தல் வேண்டும். பதறாத காரியம் சிதறாது. பின்னர் வளைய ஸ்பேனராலோ, பற்சக்கரமில்லாத நீண்ட தண்டினாலோ நட்டை இளக்க வேண்டும். இளகியபின் விரைந்து சுழற்றுவதே ரேச்சட்டின் பணி. கருவியைச் சுத்தியலாக்கி அடிப்பதும், கைப்பிடியில் குழாய் செருகி நீட்டுவதும் அதனைக் கெடுக்கும் செயல்கள். அன்றியும், மேடைமீது நின்று இழுக்குங்கால் கருவி நழுவினால் உடல் எப்பக்கம் சாயும் என்பதை முன்னரே எண்ணிக் கால் ஊன்றுதல் வேண்டும். நட்டு கெட்டால் வேறு நட்டு வாங்கலாம்; உயிருக்கு மாற்று ஏது?

கடையில் ரேச்சட்டை வாங்குவோன், ஒளியையும் விலையையும் மட்டும் கண்டு மயங்குதல் கூடாது. கையிலெடுத்து இருபுறமும் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். ஒலி ஒரே சீராக வருகிறதா? திசை மாற்றியதும் நாக்கு உடனே பற்றுகிறதா? சதுர முனை தளர்ந்து ஆடுகிறதா? சாக்கெட்டைச் செருகிக் குலுக்கினால் விழுகிறதா? இவற்றை ஆராய்ந்து வாங்கிய கருவியை வேலை முடிந்ததும் துடைத்து, மண் புகாது காத்து, உள்ளே சிறிது எண்ணெய் இட்டுவந்தால் அது நெடுங்காலம் உழைக்கும்.

ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்பான். ஆடத் தெரிந்தவனும் கோணற் கூடத்தில் இடறுவான். திறமையும் கருவியும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. நெடுநாள் தொழில் செய்தவனின் பையில் பல கருவிகள் இருப்பினும், கை தானாகவே நாடுவது ஒன்றையே. அது விலை மிகுந்ததாயிருக்க வேண்டுவதில்லை. தான் செய்யும் வேலையின் அளவும் இடமும் சுமையும் அறிந்து அவன் தெரிந்துகொண்டது அது. நான்கு நட்டுகளும் மீண்டும் முடுக்கப்பெற்று, மின்னிணைப்புத் தரப்பெற்றதும், குழாயின் வாயிலிருந்து நீர் பாய்ந்து வாழைக்கு ஓடுகிறது. கிணற்றினின்றும் மேலேறி வருபவன் முதலிற் செய்வது, தன் ரேச்சட்டைத் துணியால் துடைத்துப் பையில் வைப்பதே.