இயந்திரத்துக்குத் தெரியாத தெருக்கள்

சைக்கிளுக்கான ஜி.பி.எஸ். கருவிகளுக்குக் கொல்கத்தாவைப் போலச் சோதனை வைக்கும் ஊர் குறைவு

பார்க் ஸ்ட்ரீட் எங்கே என்று கேட்டால் கொல்கத்தாவில் டீக்கடைப் பையன்கூடக் கையை நீட்டிக் காட்டிவிடுவான். சைக்கிள் கைப்பிடியில் பொருத்திய ஜி.பி.எஸ். கருவியோ ‘மதர் தெரசா சரணி’ என்று திரையில் எழுதி உங்களைக் குழப்பும். அதற்குத் தியேட்டர் ரோடு என்றால் ஷேக்ஸ்பியர் சரணி. லான்ஸ்டவுன் ரோடு என்றால் சரத் போஸ் சாலை. அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கும் ஹாரிங்டன் தெருவுக்கே ஹோ சி மின் பெயரைச் சூட்டிவிட்டு ரசித்துச் சிரித்த ஊர் இது.

பெயர்களாவது போகட்டும். நகரின் சில தெருக்களில் காலையில் வடக்கே ஓடும் ஒருவழிப் போக்குவரத்து மதியத்துக்குப் பிறகு தெற்கே ஓடும். ஊரைச் சுற்றிப் போகும் நெடுஞ்சாலைகளுக்கு 2010-இல் எண்களை மாற்றினார்கள். 2 என்பது 19 ஆனது, 6 என்பது 16 ஆனது, 34 என்பது 12 ஆனது. லாரிக்காரர்களும் தாபாக்காரர்களும் இன்னும் பழைய எண்ணில்தான் வழி சொல்கிறார்கள். கருவி புதிய எண்ணைக் காட்டுகிறது. இரண்டும் சரிதான் என்பது வங்காளத்தில் பத்து நாள் சுற்றிய பிறகு புரியும்.

உண்மையான சிக்கல் இதைவிடப் பெரியது. கொல்கத்தா போலீஸ் 2008 முதலே முக்கியச் சாலைகளில் சைக்கிளுக்குக் கட்டுப்பாடு விதித்து வந்தது. 2013-இல் தடைப் பட்டியல் 174 தெருக்களுக்கு நீண்டது. பால்காரர், பேப்பர் போடுபவர், பிளம்பர், மீன் விற்பவர் என்று சைக்கிளே பிழைப்பாக இருந்தவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு பட்டியல் 62 ஆகச் சுருங்கியது. 2020-இல் கொரோனா காலத்தில், பஸ்ஸும் ரயிலும் இல்லாத நாட்களில், சின்னத் தெருக்களில் சைக்கிளுக்கு விலக்கு கிடைத்தது. இதே மாநில அரசுதான் 2015-இல் தொடங்கிய ‘சபுஜ் சாத்தி’ திட்டத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட சைக்கிள்களை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. கொடுத்த சைக்கிளைத் தலைநகரின் பெரிய சாலைகளுக்குக் கொண்டுவந்தால் பிடித்துக்கொள்வார்கள்.

இந்தத் தடைகளையெல்லாம் கருவிக்கு யார் சொல்வது? விமானக் கட்டணத்துக்கு மேல் விலை கொடுத்து வாங்கிய கருவி ‘வலது பக்கம் திரும்பு’ என்று பீப் ஒலி எழுப்பும். திரும்பினால் வெள்ளைச் சீருடையில் டிராஃபிக் சார்ஜென்ட் நிற்பார். அபராதம் கட்டுவது ஓட்டியவர்தான்.

கார்மின், வாஹூ, பிரைட்டன், ஐ.ஜி.பி.ஸ்போர்ட் என்று பெட்டியின் மேல் பெயர்கள் பலவாக இருந்தாலும், உள்ளே இருக்கும் வரைபடம் பெரும்பாலும் ஒரே ஊற்றிலிருந்து வருவது: 2004-இல் பிரிட்டனில் தொடங்கி, உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்துவரும் ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’. அதில் ஒரு சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்று யாராவது குறித்திருந்தால் எல்லாக் கருவிகளும் அதைத் தவிர்க்கும். குறிக்காவிட்டால் எல்லாமே சேர்ந்து தப்பு செய்யும். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை.

பாலங்களைப் பாருங்கள். மாஜேர்ஹாட் பாலம் 2018 செப்டம்பரில் இடிந்து விழுந்தது. புதுப் பாலம் 2020 டிசம்பரில்தான் திறந்தது. டாலா பாலத்தை 2020 தொடக்கத்தில் மூடி இடித்தார்கள். திரும்பக் கிடைத்தது 2022 செப்டம்பரில். இடைப்பட்ட காலத்தில் வரைபடத்தைப் புதுப்பிக்காமல் வடக்கே போனவர்கள் பாலம் இல்லாத இடத்தில் போய் நின்றிருப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது வரைபடத்தைப் புதுப்பிக்காதவருக்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை.

மேம்பாலங்கள் இன்னொரு தலைவலி. பார்க் சர்க்கஸ் பக்கம் 2015-இல் திறந்த ‘மா’ மேம்பாலத்தின் மேல் சைக்கிள் போகக்கூடாது. கீழே உள்ள சாலையில்தான் போகவேண்டும். வரைபடத்தில் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே புள்ளி. அதனால் கருவி சில நேரம் நீங்கள் மேலே போவதாக நினைத்துக்கொண்டு, இல்லாத இறக்கத்தில் இறங்கச் சொல்லும்.

இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை இந்தக் கருவிகள் எவ்வளவு நம்பகமாகச் செய்கின்றன? சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால் இடம் தெரியும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தப்பலாம். அதை நிறுத்திய பிறகே சைக்கிளில் ஜி.பி.எஸ். பொருத்துவதற்கு அர்த்தம் வந்தது. இன்று திறந்தவெளியில், ராஜர்ஹாட் நியூ டவுனின் சைக்கிள் பாதையில் ஓட்டினால், எந்தக் கருவியும் சில மீட்டருக்குள் சரியாகக் காட்டும். அங்கே பத்தாயிரம் ரூபாய் கருவிக்கும் அறுபதாயிரம் ரூபாய் கருவிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

படா பஜாரிலும் ஷோபா பஜாரிலும் வித்தியாசம் தெரியும். இரண்டு பக்கமும் நாலு மாடிப் பழைய வீடுகள், நடுவே வேட்டி அகலத்துக்கு வானம். சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்துத் தாமதமாக வந்து சேரும். கருவி உங்களைப் பக்கத்துச் சந்தில் ஓட்டுவதாக வரைந்து வைக்கும். இதற்கான மருந்துதான் இரட்டை அலைவரிசை. தெறித்து வந்த சிக்னலையும் நேராக வந்ததையும் பிரித்தறிய இரண்டாவது அலைவரிசை உதவுகிறது. கார்மின் எட்ஜ் 1040-இலும் வாஹூ ரோமின் இரண்டாம் பதிப்பிலும் (இரண்டும் 2022) இது வந்தது. பிறகு மலிவான கருவிகளுக்கும் இறங்கிவிட்டது. வட கொல்கத்தாவில் குடியிருப்பவர் இதற்காகக் கூடுதல் காசு கொடுக்கலாம்.

நிலத்தை அளக்கும் வேலை இந்த ஊருக்குப் புதிதல்ல. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவைக்கு, 1831-32-இல் பாரக்பூர் டிரங்க் ரோட்டில் இன்னொரு அடிக்கோடு போட்டார் ஜார்ஜ் எவரெஸ்ட். சமதளத்தில் மேலிருந்து குறிபார்க்கக் கட்டிய கோபுரங்கள் பைக்பாராவிலும் சுக்சரிலும் இன்னும் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாரக்பூருக்கு சைக்கிள் விடுபவர்களில் எத்தனை பேர் அவற்றைத் திரும்பிப் பார்க்கிறார்களோ! சிகரம் 15 என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்த மலைதான் உலகிலேயே உயரமானது என்று கணக்குப் போட்ட ராதாநாத் சிக்தார் வேலை பார்த்ததும் இந்த ஊரில்தான். அன்று வெளியிட்ட உயரம் 29,002 அடி. இன்று சைக்கிள் கருவி கொல்கத்தாவின் தட்டையான தெருக்களில் காட்டும் ‘ஏற்றம்’ கணக்கைப் பார்த்தால் சிக்தார் நொந்துபோயிருப்பார்.

காரணம் காற்றழுத்தம். நல்ல கருவிகள் காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணிக்கின்றன. மழைமேகம் திரண்டு அழுத்தம் இறங்கினால், நீங்கள் மலை ஏறிவிட்டதாக அது முடிவுகட்டும். அழுத்தமானியின் ஊசித்துளையில் மழைநீரோ வியர்வையோ அடைத்துக்கொண்டால் இன்னும் மோசம். கடல்மட்டத்திலிருந்து பத்து மீட்டருக்குள் இருக்கும் ஊரில் இந்த எண்ணைப் பொருட்படுத்தாமல் இருப்பதே நல்லது. டார்ஜீலிங் பக்கம் ஓட்டப் போகிறவருக்குத்தான் அது பயன்படும்.

தூரக் கணக்குக்கு இன்றும் பழைய முறையே நம்பகமானது. அளவைக்காரர்கள் உருட்டிப்போன சக்கரத்தின் அதே தத்துவம்: சக்கரத்தின் சுற்றளவை எத்தனை முறை சுற்றியது என்பதால் பெருக்கு. 700x25 டயருக்கு சுற்றளவு சுமார் 2,105 மி.மீ., 700x28-க்கு 2,136. டயரை மாற்றிவிட்டு எண்ணை மாற்றாவிட்டால் ஒன்றரை சதவீதம் தப்பும், 200 கி.மீ. பயணத்தில் மூன்று கி.மீ. ஆனால் சந்துபொந்திலும் மேம்பாலத்தின் அடியிலும் வேகம் பூஜ்யத்துக்கு விழாமல் இருக்க, சக்கர அச்சில் மாட்டும் சின்ன சென்சார் உதவுகிறது. இதைவிட லாபமான உபரிப் பொருள் கிடையாது.

வழிகாட்டும் வசதியில்தான் கருவிகள் தரம் பிரிகின்றன. ஐ.ஜி.பி.ஸ்போர்ட் பி.எஸ்.சி.200 போன்ற மலிவுக் கருவிகள், வீட்டிலேயே போனில் வரைந்து ஏற்றிய பாதையை வெறும் கோடாகக் காட்டும். பக்கத்துத் தெரு எது என்று தெரியாது. அடுத்த படியில் இருப்பவற்றுக்கு உள்ளேயே வரைபடம் உண்டு. திருப்பம் வருவதை முன்கூட்டிச் சொல்லும். உச்சியில் இருப்பவை பாதை தவறினால் தாமாகவே புதுப் பாதை கணக்கிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொல்கத்தாவில் தானாகக் கணக்கிடும் வசதியை அணைத்து வைப்பதே புத்திசாலித்தனம். துர்கா பூஜை நாட்களில் பந்தலுக்காகத் தெருவை மறித்திருப்பார்கள். நீங்கள் சுற்றிப் போவீர்கள். கருவியோ பந்தலுக்குள்ளேயே திரும்பத் திரும்ப அழைக்கும். ஊர் தெரிந்த ஒருவரைக் கேட்டு முந்தின இரவே பாதையை வரைந்து, அந்தக் கோட்டை மட்டும் பின்தொடர்வது நல்லது. அப்படிச் செய்பவருக்கு நடுத்தர விலைக் கருவியே போதும். ஹூக்ளியைக் கடக்க வித்யாசாகர் சேதுவில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்பதும், படித்துறையில் சைக்கிளுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிப் படகில் ஏறலாம் என்பதும் உள்ளூர்க்காரர் சொல்லும் வழி.

இரவு முழுக்க ஓட்டும் பிரெவே பயணக்காரர்களுக்கு வேறு கவலை. 200 கி.மீ.க்கு 13½ மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40 என்று காலக்கெடு. வாஹூ போல்டின் 2021 பதிப்புக்கு நிறுவனம் சொன்ன பேட்டரி ஆயுள் 15 மணி நேரம், 300 கி.மீ.க்கே பவர் பேங்க் வேண்டும். எட்ஜ் 1040-க்கு 35 மணி நேரம் என்றார்கள். 2024-இல் சூரியத் தகட்டுடன் வந்த கோரோஸ் டூராவுக்கு 120. எல்லாமே நிறுவனங்களின் கணக்கு. திரை வெளிச்சத்தைக் கூட்டி, வழிகாட்டியையும் இரட்டை அலைவரிசையையும் ஓடவிட்டால் பாதியாகக்கூடக் குறையும். நள்ளிரவில் முர்ஷிதாபாத் சாலையில் திரை அணைந்தால் விசாரிக்க ஆளிருக்காது.

மழைக்கும் பதில் வேண்டும். ஐ.பி.எக்ஸ்.7 என்ற முத்திரைக்கு ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். ஜூலை மாத கொல்கத்தாவுக்கு அது போதும். தொடுதிரைக்குத்தான் மழை ஆகாது: சொட்டு விழுந்தால் விரல் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டும். எட்ஜ் 540-ஐப் போலப் பொத்தான்களால் இயங்குபவை இங்கே மேல். மழையில் நனைந்த கருவியைத் துடைக்காமல் சார்ஜரில் சொருகாதீர்கள்; துளை துருப்பிடித்தே பல கருவிகள் சாகின்றன.

நம்பகத்தன்மை கைப்பிடியோடு முடிவதில்லை. 2020 ஜூலையில் கார்மின் நிறுவனத்தின் கணினிகளைச் சதிகாரர்கள் முடக்கியபோது உலகெங்கும் சில நாட்களுக்குப் பயணப் பதிவுகள் மேலேறவில்லை. கருவிக்குள் எல்லாம் பத்திரமாக இருந்தது. கேபிள் போட்டு எடுக்கத் தெரிந்தவர்கள் அலட்டிக்கொள்ளவில்லை. போன் வழியாக மட்டுமே பேசும் கருவியை வாங்கும் முன் இதை யோசிக்கவேண்டும்.

நம்முடைய நாவிக்? 2013-இல் முதல் செயற்கைக்கோள் போனது. பல கோள்களில் அணுக் கடிகாரங்கள் பழுதாயின. 2023-இல் உள்நாட்டுக் கடிகாரத்துடன் என்.வி.எஸ்.-01 வெற்றி பெற்றது. 2025 ஜனவரியில் ஏவிய என்.வி.எஸ்.-02 உத்தேசித்த சுற்றுப்பாதையை எட்டவில்லை. இப்போதைக்கு சைக்கிள்காரர் இதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

1926-இல் நண்பர்கள் மூவருடன் இதே ஊரிலிருந்து சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பி 1937-இல் திரும்பிய பிமல் முகர்ஜியிடம் இவற்றில் எதுவும் இல்லை. இன்று உணவுப் பை சுமந்து சைக்கிளில் ஓடும் பையன்களிடமும் இல்லை. அவர்களிடம் இருப்பது போன். கூகுள் மேப்ஸின் இருசக்கர வாகன வழியோ மோட்டார் சைக்கிளுக்கானது. மேம்பாலத்தில் ஏறு என்றே சொல்லும். எந்தத் தெருவில் சைக்கிளைப் பிடிப்பார்கள் என்பதை அந்தப் பையன்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் ஒரு கணக்கு தொடங்க இரண்டு நிமிடம் போதும், காசு கிடையாது. அவர்களிடம் கேட்டுக்கொண்டு, தடையுள்ள தெருக்களை ஒவ்வொன்றாக அதில் குறித்துவிட்டால், அடுத்த புதுப்பிப்பில் அது எல்லா நிறுவனங்களின் கருவிக்கும் போய்ச் சேரும்.