தூளியிலேயே தொடங்கும் பாடம்

ராஜஸ்தானின் ஜெய்சல்மர், பார்மர் மாவட்டங்களில் வாழும் மங்கணியார்களின் வீட்டில் இசைக்கென்று தனி வகுப்பு கிடையாது. ஸ்வரம் எழுதிய நோட்டுப் புத்தகமும் இல்லை. எஜமானர் வீட்டுக் கல்யாணமோ பிள்ளைப்பேறோ, பெரியவர்கள் பாடுகிறார்கள். வாண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பாடுகின்றன. மரக்கட்டைத் துண்டுகளான கர்த்தால் கைக்கு வந்தால் தாளமும் வந்துவிடும்.

ஹமீரா கிராமத்து சாக்கர் கான் தந்தையிடம் இப்படித்தான் கமாய்ச்சா கற்றார். 2012இல் பத்மஸ்ரீ, 2013இல் மறைவு. மகன்களுக்கும் வித்தை வீட்டிலேயே கிடைத்தது.

சிக்கல் வேறிடத்தில். மாமரத்தைக் குடைந்து ஆட்டுத்தோல் போர்த்திய, வில்லால் வாசிக்கும் கமாய்ச்சாவைச் செய்யத் தெரிந்த தச்சர்கள் அருகிவிட்டார்கள். ஹார்மோனியமோ கடையிலேயே கிடைக்கிறது. பல வீடுகளில் பிள்ளைகள் இப்போது அதனோடுதான் பாடிப் பழகுகிறார்கள்.