கப்பல் ஏறிப் போன தொழிலாளிக்கு வக்கீல் வைப்பது யார்?
அந்தமான் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இலவச சட்ட உதவி

சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் போர்ட் பிளேயர் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகிறது. 2024-ஆம் ஆண்டு அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். நம்மவர்கள் பேச்சில் இன்னும் போர்ட் பிளேயர்தான். கட்டட வேலைக்கும் சாலை வேலைக்கும் போனவர்கள், இலங்கையிலிருந்து திரும்பி வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள், கடை வைத்திருப்பவர்கள் என்று பலதரப்பட்ட தமிழர்கள் அங்கே இருக்கிறார்கள். இவர்களில் ஒருவருக்குக் கான்டிராக்டர் கூலியை நிறுத்திவிட்டாலோ, போலீசார் ஒருவரை லாக்கப்பில் வைத்துவிட்டாலோ, ஊரிலிருந்து அண்ணனோ மாமனோ அடுத்த பஸ் பிடித்து ஓடி வர வழியில்லை. வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் பணமும் இருக்காது.

அப்படிப்பட்டவருக்கு வக்கீல் வைத்துக் கொடுப்பது சட்டப்படி அரசாங்கத்தின் பொறுப்பு. இது பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலரும், "சும்மா வருகிற வக்கீல் என்ன வாதாடப் போகிறார்?" என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

சங்கம் இருந்தவர்கள் பட்ட பாடு

அந்தமான் நிர்வாகத்தில் தினக்கூலி மஸ்தூர்களாக இருப்பவர்கள் சம்பள பாக்கிக்காகச் சங்கம் மூலம் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். போர்ட் பிளேயரில் கூடும் கல்கத்தா ஹைகோர்ட்டின் சர்க்யூட் பெஞ்ச் 2022 டிசம்பரில் போட்ட உத்தரவு நிறைவேறவில்லை என்று கோர்ட் அவமதிப்பு வழக்கு வந்தது. 2023 ஆகஸ்டு 3-ஆம் தேதி, தலைமைச் செயலாளரை சஸ்பெண்ட் செய்யவும், லெப்டினன்ட் கவர்னர் சொந்தப் பணத்திலிருந்து 5 லட்சம் ரூபாய் கட்டவும் பெஞ்ச் உத்தரவிட்டது. மறுநாளே சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தி வைத்தது. சங்கமும் வக்கீலும் உள்ளவர்களுக்கே இத்தனை அலைச்சல் என்றால், பத்துப் பேர் சேர்ந்து ஒரு மேஸ்திரியை நம்பிப் போன கும்பலின் கதி என்ன என்று எண்ணிப் பார்க்கலாம்.

யார் யார் கேட்கலாம்?

1987-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் அமலில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இதில் வருமான வரம்பே கிடையாது. தொழில்துறைத் தொழிலாளர்களும் இந்தப் பட்டியலில் தனியாகவே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். வெள்ளம், பூகம்பம் போன்ற பேரிடரில் சிக்கியவர்களும் உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியில் வீடும் தாள்களும் இழந்த தீவு மக்களுக்கு இந்தப் பிரிவின் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. ஆனால் அதற்கும் தாசில்தாரிடம் சர்டிபிகேட் வாங்க ஊருக்குப் போக வேண்டாம். மனுதாரரே கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தை ஏற்கலாம். சந்தேகப்படக் காரணம் இருந்தால்தான் மேற்கொண்டு விசாரிப்பார்கள். கடல் கடந்து வந்தவனுக்கு இது பெரிய சௌகரியம். வழக்கில் ஓரளவு நியாயம் இருப்பதாகத் தெரிந்தால் வக்கீல் பீசோடு கோர்ட் கட்டணம், நகல் வாங்கும் செலவு, தஸ்தாவேஜு மொழிபெயர்ப்புச் செலவு எல்லாம் ஆணைக்குழுவைச் சேர்ந்தது.

கேட்காவிட்டாலும் கொடுக்க வேண்டும்

இந்த உரிமை சுலபமாக வந்துவிடவில்லை. பாலக்காட்டில் பிறந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு 1973-ல் இதற்கு அடித்தளம் போட்டது. 1976-ல் அரசியல் சட்டத்தில் 39-ஏ பிரிவு சேர்ந்தது. பீகார் ஜெயில்களில் விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றி ஒரு நாளிதழில் வந்த கட்டுரையை வைத்து 1979-ல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு நடந்தது.

தீவில் இருப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டியது 1986-ஆம் ஆண்டின் சுக் தாஸ் வழக்கு. அப்போது அருணாசலப் பிரதேசமும் அந்தமானைப் போல ஒரு யூனியன் பிரதேசம். மாறுதல் உத்தரவை ரத்து செய்யச் சொல்லி இன்ஜினீயரை மிரட்டியதாக சுக் தாஸ் மீதும் வேறு சிலர் மீதும் வழக்கு. வக்கீல் இல்லாமலே விசாரணை முடிந்து இரண்டு வருஷத் தண்டனை விழுந்தது. "அவர் சட்ட உதவி கேட்கவில்லையே" என்றது அரசுத் தரப்பு. அப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாத ஏழை எப்படிக் கேட்பான் என்பதுதான் சுப்ரீம் கோர்ட்டின் நோக்கு. இலவச வக்கீல் உண்டு என்று எடுத்துச் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று கூறி, தண்டனையை ரத்து செய்தது.

எங்கே நன்றாக நடக்கிறது?

போர்ட் பிளேயரில் யூனியன் பிரதேசத்துக்கான ஆணைக்குழு இருக்கிறது. ஆனால் திக்லிப்பூர் சாலை வழியே சுமார் 300 கிலோ மீட்டர். காம்ப்பெல் பே கடல் வழியே 500 கிலோ மீட்டருக்கு மேல். மனு கொடுக்க வருகிறவனுக்கு கப்பல் டிக்கெட்டே வழக்குச் செலவை மிஞ்சிவிடும். ஆகவே ஜெயிலுக்குள் சட்ட உதவி மையம், கிராமத்தில் முகாம், இடத்துக்கு இடம் போகும் மக்கள் நீதிமன்றம் என்று ஆளைத் தேடிப் போகும் ஏற்பாடுகளே தீவுக்குப் பொருந்தும். போர்டு மாட்டிவிட்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆபீஸால் அதிகப் பயன் இல்லை.

இதற்குக் கை கொடுப்பவர்கள் சட்டத் தன்னார்வலர்கள். சட்டப் பட்டம் தேவையில்லை. ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள், மாணவர்கள் முதலியோரைத் தேர்ந்து பயிற்சி கொடுக்கிறார்கள். தமிழில் கேட்டு, ஹிந்தியில் பேசி, இங்கிலீஷில் மனு எழுதத் தெரிந்த ஒரு பழைய குமாஸ்தா, ஸ்டேஷனில் மிரண்டு நிற்கும் சேலத்துக் கொத்தனாருக்குப் பாதி வக்கீல். தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்குக் காட்டும் ஊக்கத்தில் கால் பங்கை இதற்குக் காட்டினால் போதும்.

கையெழுத்துப் போடும் முன்

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். முடிவுக்கு சிவில் கோர்ட் டிகிரியின் பலமும் உண்டு. ஆனால் அதன் மேல் அப்பீல் கிடையாது. "வாங்கிக்கொண்டு போப்பா" என்று யாராவது அவசரப்படுத்தினால் பாதிக் கூலிக்குத் தலையாட்ட வேண்டாம். சம்மதம் இல்லாவிட்டால் வழக்கு பழையபடி கோர்ட்டுக்கே போகும்.

தாள்களும் முக்கியம். வெளி மாநிலத் தொழிலாளிக்குப் போட்டோ ஒட்டிய பாஸ் புத்தகம் கொடுக்க வேண்டும், அது அவருடைய தாய்மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. தமிழில் அச்சிட்ட பாஸ் புத்தகத்தைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேரோ! 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. எந்தச் சட்டமானாலும் வேலை செய்த நாட்களின் கணக்கு, கப்பல் டிக்கெட், பாங்க் பாஸ் புத்தகம், மேஸ்திரி போனில் அனுப்பிய செய்தி இவற்றைப் பத்திரமாக வைத்திருப்பவரின் வழக்குதான் நிற்கும்.

ஆணைக்குழு நியமித்த வக்கீல் கட்சிக்காரரிடம் ஒரு பைசாவும் வாங்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுவிடம் புகார் செய்யலாம். வேறு வக்கீலும் கேட்கலாம். மனுவைத் தள்ளினால் மேல்முறையீடு உண்டு. எந்தத் தீவிலிருந்தும் கூப்பிட வேண்டிய டெலிபோன் எண் 15100.